தீபத்துக்காக வெட்டிய கிணற்றுக் காட்சி

போன மாதம் ஒரு கல்யாணப் பந்தியில் எனக்குப் பக்கத்தில் மூன்று இளைஞர்கள் வந்து உட்கார்ந்தார்கள். மூவரும் சென்னையில் பெரிய தியேட்டர்களில் படம் ஓட்டுகிறவர்கள். ஓட்டுவது என்றால் கம்ப்யூட்டரில் நேரத்தைக் குறித்துவிட்டு டீ குடிக்கப் போவது. எனக்கு அதில் பொறாமையும் இல்லை, வருத்தமும் இல்லை. முப்பது வருஷம் மெஷின் விளக்கில் எரியும் கார்பன் குச்சியின் புகையைக் குடித்தவன் நான். அந்தப் புகை ஒழிந்ததற்காக யாராவது பெருமூச்சு விட்டால், அவர்கள் கோடைக்காலத்தில் ஒரு மேட்னி கூட கேபினுக்குள் நின்றதில்லை என்று அர்த்தம்.

"சார், நீங்க திருவண்ணாமலையில ஆபரேட்டரா இருந்தவராமே. கிணத்துப் படத்துக்கு ரெண்டு முடிவு இருந்துச்சுன்னு சொல்றாங்களே, நெஜமா?" என்று ஒருவர் கேட்டு, போனை எடுத்துக் காட்டினார். யார் யாரோ அதில் சண்டை போட்டுக்கொண்டிருந்தார்கள். பட்டணத்துக்கு ஒரு முடிவு, கிராமத்துக்கு ஒரு முடிவு என்று டைரக்டர் இரண்டாக எடுத்தார் என்கிறார் ஒருவர். சென்சார் வெட்டிவிட்டது என்கிறார் இன்னொருவர். நடிகை நிஜமாகவே கிணற்றில் விழுந்து செத்துப்போனதால் மறைத்துவிட்டார்கள் என்கிறார் மூன்றாமவர். முழுப் பிரதி மலேசியாவில் ஒருவரிடம் பத்திரமாக இருப்பதாக நாலாமவருக்குத் தகவல். இவர்களில் ஒருவரும் படத்தைப் பார்த்ததில்லை. இனிமேல் பார்க்கவும் முடியாது. அந்தப் படம் இப்போது எங்கும் இல்லை.

நான் பாயசத்தை முடித்துவிட்டு, "ரெண்டு முடிவு இல்ல தம்பி, ஒரு முடிவும் ஒரு கத்திரிக்கோலும்தான். கத்திரிக்கோல் என் கையில இருந்துச்சு" என்றேன். சிரித்தார்கள். பந்தியில் அதற்கு மேல் சொல்ல முடியவில்லை, அதனால் எழுதுகிறேன். படத்தின் பெயரை எழுத மாட்டேன், ஆட்களின் பெயரையும் ஊரையும் மாற்றித்தான் எழுதுகிறேன். உள்ளபடி எழுதினால் ஆளாளுக்குக் கிளம்பி, ஒருவர் வீட்டு வாசலில் போய் நிற்பார்கள். அவருக்கு என்னால் வந்த தொந்தரவே போதும்.

நான் வேலைக்குச் சேர்ந்தது எழுபதுகளின் தொடக்கத்தில். கொஞ்ச நாள் எடுபிடி, பிறகு லைசென்ஸ் பரீட்சை, பிறகு இரண்டாவது ஆபரேட்டர். இதில் சொல்ல ஒன்றுமில்லை. கையைச் சுட்டுக்கொள்வதும் திட்டு வாங்குவதும் எல்லாத் தொழிலிலும் உண்டு. சொல்ல வேண்டியது முதல் ஆபரேட்டர் மாசிலாமணியைப் பற்றித்தான்.

மாசிலாமணி படம் பார்க்க மாட்டார். தினமும் மூன்று காட்சி ஓட்டியவருக்கு ஒரு படத்தின் கதையும் தெரியாது. கறுப்புக் கண்ணாடி வழியாகக் கார்பன் எரிவதைப் பார்ப்பார், மெஷின் ஓடும் சத்தத்தைக் கேட்பார், அவ்வளவுதான். கீழே ஜனங்கள் மூக்கைச் சிந்தி அழுதுகொண்டிருப்பார்கள். இவர், "இடது மெஷின்ல பெல்ட்டு உராயுது, கேக்குதா?" என்பார். பிலிமில் படம் பதிந்திருக்கும் மருந்துப் பக்கம் எது என்று தெரிய நாங்கள் வெளிச்சத்தில் சாய்த்துப் பார்ப்போம். அவர் ஓரத்தை உதட்டில் வைத்து எடுப்பார். ஒட்டினால் அதுதான் மருந்துப் பக்கம். கரண்ட் போன நேரத்திலும் அவருக்குத் தப்பாது. கோபம் வந்தால் கத்த மாட்டார். கேபினின் இரும்புக் கதவின் உட்புறம் நம் தவறைச் சாக்பீஸால் எழுதுவார். நாம் அதை உரக்கப் படித்துக் காட்டும்வரை நம்மோடு பேச மாட்டார். "ஆறாம் ரீல் தலைகீழ்" என்று ஒரு நாள் நாலு தரம் படித்திருக்கிறேன்.

படத்தை வெட்டுவது சட்டப்படி குற்றம். சென்சார் பார்த்து முத்திரை போட்ட படத்தில் தியேட்டர்காரன் ஒரு அடி கூடக் கை வைக்கக் கூடாது. ஆனாலும் எங்கள் தியேட்டரில் கூட்டம் நெரிகிற நாட்களில் வெட்டினோம். மூன்று காட்சி ஓட்டும் இடத்தில் ஐந்து காட்சி ஓட்ட வேண்டும் என்றால் வேறு வழியில்லை. முதலில் போவது காமெடி, பிறகு பாட்டு. மாசிலாமணி வெள்ளைப் பென்சிலால் இரண்டு கோடு போடுவார். நான் வெட்டி, ஓரத்தைச் சுரண்டி, சிமெண்ட் என்கிற பிலிம் பசையைத் தடவி ஒட்டுவேன். வெட்டிய துண்டைச் சுருட்டி, எந்த ரீல், எந்த இடம் என்று சீட்டு எழுதி, அதற்கென்று வைத்திருந்த பிஸ்கட் டப்பாவில் போடுவேன். படப் பெட்டி அடுத்த ஊருக்குப் போவதற்கு முன்னால் டப்பா காலியாக வேண்டும். வெட்டினது எல்லாம் இருந்த இடத்துக்கே திரும்பிப் போயிருக்க வேண்டும். இந்த விஷயத்தில் அவர் நெருப்பு.

இன்னொரு விதியும் இருந்தது. அது மாசிலாமணியுடையது அல்ல, மேனேஜருடையது. வெட்டினதை வெளியாள் யாரிடமும் ஒப்புக்கொள்ளக் கூடாது. "பாட்டு எங்கே?" என்று கேட்டால், "இந்தப் படத்துல அந்தப் பாட்டே இல்ல" என்று சொல்லிவிட வேண்டும். நாங்களும் கூசாமல் சொல்லி வந்தோம். பாட்டுப் போனதால் யார் குடி முழுகிவிடப் போகிறது என்று நினைத்தோம்.

எழுபதுகளின் நடுவில் ஒரு கார்த்திகை தீபத்துக்கு அந்தக் கிணத்துப் படம் வந்தது. கறுப்பு வெள்ளை, தெரியாத முகங்கள், போஸ்டரிலேயே பெரிய கிணறு. தீபத்துக்கும் மறுநாளுக்கும் மட்டும் ஓடி, மூன்றாம் நாள் காலை போளூருக்குப் போக வேண்டும் என்று ஏற்பாடு. தீபத்துக்கு முந்தின நாள் மத்தியானம் பெட்டி வந்ததும் மேனேஜர் கதையை விசாரித்தார். படத்தோடு வந்த விநியோகஸ்தர் ஆள் சொன்னார். மாமியார் வீண் பழி போடுகிறாள். மருமகள் கிணற்றில் விழுந்துவிடுகிறாள். உண்மை தெரிந்து புருஷன் ஓடி வருகிறான், புடவை மிதக்கிறது, அழுகிறான். வீட்டில் எரியும் விளக்கைக் காட்டி வணக்கம் போட்டுவிடுகிறார்கள்.

மேனேஜர் நேராகக் கேபினுக்கு ஏறி வந்தார்.

"மாசிலாமணி, தீபத்தன்னிக்கு ஜனங்க குடும்பம் குடும்பமா வருதுங்க. சாமி பார்த்துட்டு வந்து ஒக்காந்தா பொம்பள கெணத்துல விழறத காட்டறதா? சகுனம் சரியில்லன்னு எழுந்து பூடுவாங்க. அத எடுத்துடு."

"எடுத்தா கதை புரியாதுங்க" என்றேன் நான்.

"விளக்கு எரியுதில்ல? நல்லா இருக்கான்னு நினைச்சிக்குவாங்க. போதும்" என்றார் மேனேஜர்.

மாசிலாமணி பென்சிலை எடுத்தார். அவர் வாழ்நாளில் கதைக்காக ஒரு துண்டை வெட்டியது அன்றுதான். பிலிமை வெளிச்சத்தில் பிடித்து இடம் பார்த்தவன் நான். ஒரு பெண் ஓடி வருகிறாள். கிணற்று மேட்டில் நிற்கிறாள். குதிக்கிறாள். எல்லாம் முதுகுப்பக்கமாக எடுத்திருந்தது, முகம் தெரியவில்லை. புடவை மிதப்பதையும் அழுகையையும் சேர்த்து நூற்றைம்பது அடி இருக்கும். திரையில் ஓடினால் இரண்டு நிமிஷத்துக்கு மேல் போகாது. வெட்டிவிட்டு ஒட்டினேன். மருமகள் ஓடுகிறாள், புருஷன் பின்னால் ஓடுகிறான், வீட்டில் விளக்கு எரிகிறது, வணக்கம். மேனேஜர் சொன்னது சரிதான். படம் விட்டுப் போன ஜனங்கள் அவன் அவளைப் பிடித்து நிறுத்திக் கூட்டி வந்துவிட்டான் என்றே புரிந்துகொண்டு திருப்தியாகப் போனார்கள். இரண்டு முடிவு என்கிற புரளி பிறந்தது இப்படித்தான்.

தீபத்தன்று இரண்டாவது காட்சி பகல் ஒரு மணிவாக்கில் விட்டது. அடுத்த காட்சிக்கு வெளியே தெருவை அடைத்துக் கூட்டம் நின்றது. நான் ரீலைத் திருப்பிச் சுற்றிக்கொண்டிருந்தேன். கேபினுக்கு ஏறும் இரும்புப் படிக்கட்டில் தடதடவென்று சத்தம் கேட்டது. எட்டிப் பார்த்தால் ஒரு பெண் பாதிப் படியில் நிற்கிறாள். இருபது வயதுகூட இருக்காது, கழுத்தில் மஞ்சள் வெளுக்காத தாலிக் கயிறு. கீழே படியடியில் ஒரு வயதான அம்மாள், அவள் பக்கத்தில் ஒரு வாலிபன், இன்னும் நாலைந்து பேர்.

"அண்ணா, நான் குதிச்சது எங்கண்ணா? காட்டவே இல்லியே?" என்றாள்.

எனக்குப் புரியவில்லை. "இன்னாம்மா குதிச்சது?"

"கெணத்துல குதிக்கறது நான்தாண்ணா. அந்த நடிகைக்கு நீச்சல் தெரியாதுன்னு என்னை குதிக்க வச்சாங்க. கல்யாணத்துக்கு முன்னாடி மூணு நாள் அங்கதான் இருந்தேன். இவங்க யாரும் நம்ப மாட்டன்றாங்க. படம் வரட்டும், பாருங்கன்னு சொல்லிக்கினு இருந்தேன். நீங்க சொல்லுங்கண்ணா, அந்த எடம் இருக்குதில்ல?"

கீழே நின்ற அம்மாள் கையை உயர்த்தி, "சொல்லுங்க, அப்படி ஒரு எடம் படத்துல இருக்குதா, இல்லியா?" என்று கேட்டாள். அதற்குள் மேனேஜர் சத்தம் கேட்டு வராந்தாவில் வந்து நின்று என்னையே பார்த்தார்.

அவள் கண்ணைப் பார்த்தேன் என்று எழுதினால் பொய். கையில் இருந்த ரீலைப் பார்த்துக்கொண்டுதான் சொன்னேன். "அப்படி ஒரு சீனே இந்தப் படத்துல இல்லம்மா. எறங்குங்க, அடுத்த ஆட்டத்துக்கு நேரமாச்சு."

அவள் அழவில்லை. "இல்லியா?" என்று ஒரு முறை கேட்டாள். பிறகு படிக்கட்டுக் கம்பியைப் பிடித்துக்கொண்டு ஒவ்வொரு படியாக இறங்கினாள். நான் திரும்பியபோது மாசிலாமணி கார்பனை மாற்றிக்கொண்டே, "சரியாத்தான் சொன்ன. அப்படித்தான் சொல்லணும்" என்றார். அவர் வாயிலிருந்து எனக்குக் கிடைத்த ஒரே பாராட்டு அது. அன்றைக்கு அதில் எனக்குச் சந்தோஷமாகக் கூட இருந்தது. இன்று அதை நினைத்தால் உடம்பு கூசுகிறது.

மூன்றாம் நாள் காலை பெட்டி போக வேண்டும். விநியோகஸ்தர் ஆள் பஸ் கிளம்பப் போகிறது என்று கீழே நின்று குதித்துக்கொண்டிருந்தார். பிஸ்கட் டப்பாவில் இருந்த காமெடியையும் பாட்டுகளையும் அவசர அவசரமாக ஒட்டினேன். டப்பா காலியாயிற்று. காலியானதால் வேலை முடிந்தது என்று பெட்டியை மூடினேன். கிணற்றுத் துண்டு டப்பாவில் இல்லை. அதை வெட்டியபோது மேனேஜர் பக்கத்திலேயே நின்று பேசிக்கொண்டிருந்ததால், சீட்டும் எழுதாமல் ஜன்னல் விளிம்பில் வைத்தவன் அங்கேயே மறந்துவிட்டேன். நாலு நாள் கழித்துத்தான் அது கண்ணில் பட்டது. இரும்புக் கதவில் அன்று மாசிலாமணி எழுதியது இரண்டே வார்த்தை: "பிணம் இங்கே." படித்துக் காட்டினேன். போளூருக்கு ஆள் அனுப்பினார். பெட்டி அங்கிருந்தும் போய்விட்டது. அடுத்த முறை வரும்போது ஒட்டிக்கொள்ளலாம் என்று துண்டை ஒரு தகர டப்பாவில் போட்டு அலமாரியில் வைத்தார். அடுத்த முறை என்று ஒன்று வரவேயில்லை. எங்கள் ஜில்லா முழுவதும் அந்தப் பிரதிதான் டூரிங் கொட்டகைகளில் சுற்றியது. அதனால் இந்தப் பக்கத்தில் யாருமே கிணற்றுக் காட்சியைப் பார்க்கவில்லை.

எண்பதுகளின் கடைசியில் மாசிலாமணி ஓய்வு பெற்று, நான் முதல் ஆபரேட்டர் ஆகியிருந்தேன். ஒரு நாள் காலை ரகுராமன் என்று ஓர் இளம் கல்லூரி ஆசிரியர் என்னைத் தேடி வந்தார். விடுமுறைக்கு வந்து ரமணாசிரமம் பக்கம் செங்கம் ரோட்டில் அறை எடுத்துத் தங்கியிருந்தார். அவர் தேடி வந்தது பகவானை அல்ல, காணாமல் போன படங்களை. கிணத்துப் படம் அவர் பட்டியலில் இருந்தது. கம்பெனியை மூடிவிட்டார்களாம். நெகட்டிவ் தண்ணீர் புகுந்து வீணாகிவிட்டதாம். பிரதிகளை எல்லாம் வெள்ளி எடுப்பதற்காகக் கரைத்து, மிச்சத்தை வளையல் செய்கிறவர்களுக்குப் போட்டுவிட்டார்களாம்.

"மத்த ஊர்க்காரங்க எல்லாரும் அவ செத்துட்டான்றாங்க. உங்க ஜில்லாக்காரங்க மட்டும் சாகலன்னு சத்தியம் பண்றாங்க. அதான் தனிப் பிரதி ஏதாவது வந்துச்சான்னு கேக்கலாம்னு" என்றார்.

எனக்குச் சிரிப்புத்தான் வந்தது. சொல்லிவிடலாமா என்று யோசிக்கும்போதே அவர் நோட்டைப் புரட்டி, "கீழ்பென்னாத்தூர்ல ஒரு அம்மா, அஞ்சலைன்னு பேரு. கெணத்துல குதிச்சது நான்தான்னு சொல்றாங்க. ஆனா ஊர்ல யாரும் நம்பல. அந்தப் பொய்யாலதான் புருஷன் வீட்டுல தள்ளி வச்சிட்டாங்களாம். படத்துல அப்படி ஒரு சீனே கெடையாதுன்னு தியேட்டர்காரரே சொல்லிட்டாராம். அதனால நானும் அத எடுத்துக்கல" என்றார்.

சிரிப்பு போயிற்று. இரும்புப் படிக்கட்டும், அந்தப் புதுத் தாலிக் கயிறும், "இல்லியா?" என்று கேட்ட குரலும் அப்படியே வந்து நின்றன. அத்தனை வருஷத்தில் அந்தப் பெண்ணை நான் ஒரு தரம்கூட நினைத்ததில்லை. அதுதான் எனக்கு அதிக வெட்கமாக இருந்தது. அலமாரியைக் குடைந்து தகர டப்பாவை எடுத்துத் திறந்தேன். வினிகர் போலப் புளித்த காடி வாடை மூக்கைத் துளைத்தது. பிலிம் சுருங்கி நெளிந்திருந்தது. மெஷினில் ஓட்டினால் துண்டு துண்டாகிவிடும். கண்ணால் பார்க்கலாம், அவ்வளவுதான். ரகுராமன் அதை இரண்டு கையாலும் வாங்கி, கோயில் பிரசாதம் போல வைத்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டார். "சார், அந்த முழுப் படத்துல உலகத்துல மிச்சம் இருக்கறது இதான் சார்" என்றார். இதைத் தனக்குக் கொடுத்துவிடும்படி கேட்டார். முதலில் இதைக் காட்ட வேண்டிய ஆள் வேறு ஒருவர் என்று சொல்லி, மறுநாள் லீவு போட்டுக் கீழ்பென்னாத்தூருக்குப் பஸ் ஏறினேன்.

அஞ்சலை ஊருக்கு வெளியே ஒரு களத்தில் மல்லாட்டைச் செடியிலிருந்து கடலையை ஆய்ந்துகொண்டிருந்தார். பிடுங்கிய செடிகள் ஒரு பக்கம், ஆய்ந்த காய்கள் ஒரு பக்கம். நான் இன்னார் என்று சொன்னேன். முகத்தைப் பார்த்தார், அடையாளம் தெரியவில்லை போலும். படிக்கட்டு என்றதும் கை நின்றது. நடந்ததை ஒன்றுவிடாமல் சொல்லி டப்பாவை நீட்டினேன். அவர் வாங்கவில்லை.

"அன்னிக்கி வூட்டுக்குப் போற வழியில எங்கம்மா வூட்டு வாசல்ல என்னை எறக்கி வுட்டுட்டுப் பூட்டாங்க. மலையில தீபம் ஏத்தறதுக்கு முன்னாடியே. கல்யாணமாகி நாலு மாசம். மூணு நாள் எவன்கூட இருந்தன்னு கேட்டா மாமியா. ஷூட்டிங்குக்கு என்னை அழைச்சிக்கினு போன மாமன் அதுக்குள்ள செத்துட்டாரு. எங்கம்மா சொன்னா எடுபடுமா? படத்தத்தான் நம்பிக்கினு இருந்தேன்."

"தப்பு என்னுதும்மா. அதான் இத..."

"இத வச்சிக்கினு நான் இன்னா பண்றது? நான் குதிச்சது எனக்குத் தெரியாதா?" என்றார். குரலை உயர்த்தவில்லை. "அன்னிக்கி அவங்க முன்னாடிதான இல்லன்னு சொன்னீங்க? அங்க போங்க. அதே வாயால இருக்குதுன்னு சொல்லுங்க. அவரு வேற கட்டிக்கினாரு, புள்ளைங்க இருக்குது. எனக்கு ஒண்ணும் வாணாம். நான் பொய் சொல்லலன்னு அந்தத் தெருவுல நீங்க சொல்லணும்."

பஸ் ஸ்டாண்டில் வெகுநேரம் உட்கார்ந்திருந்தேன். நான் போய்ச் சொல்வது தியேட்டரில் படத்தை வெட்டினோம் என்று ஊரறியச் சொல்வதாகும். லைசென்ஸ் போகலாம், வேலை போகலாம், எனக்கும் இரண்டு பிள்ளைகள். இப்படியெல்லாம் யோசித்தேன். பயந்தேன் என்று சொல்வதில் இப்போது எனக்கு வெட்கமில்லை. ஆனால் நாலு மாதப் பெண்டாட்டியை வாசலில் இறக்கிவிட்டுப் போனதற்கு என்னுடைய ஒரு வரி காரணமாக இருந்திருக்கிறது. அந்த வரியைச் சொல்ல எனக்கு அரை நிமிஷம்கூட ஆகவில்லை. வேட்டவலம் பக்கம் போகிற பஸ் வந்ததும் ஏறிவிட்டேன்.

புருஷன் பெயர் கோவிந்தன். அன்று படியடியில் மாமியார் பக்கத்தில் நின்ற வாலிபன் அவர்தான். இப்போது தலை நரைக்க ஆரம்பித்திருந்தது. அந்த அம்மாள் உயிரோடு இல்லை. வாசலில் அவர், அவர் தம்பி, அக்கம்பக்கத்தார் நாலு பேர். அவர் மனைவி தண்ணீர்ச் சொம்போடு வந்து ஓரமாக நின்றார். நான் நின்றுகொண்டே சொன்னேன். கிணத்துப் படத்தில் அந்தக் காட்சி இருந்தது, தீபத்துக்காக நாங்கள் வெட்டினோம், அஞ்சலை கேட்டபோது நான் பொய் சொன்னேன், அந்தப் பெண் சொன்னது சத்தியம் என்று தெரு கேட்கும்படி சொன்னேன். டப்பாவைத் திறந்து துண்டை எடுத்துக் கொடுத்தேன்.

கோவிந்தன் அதை வெயிலுக்கு நேராகப் பிடித்தார். நான் பக்கத்தில் நின்று ஓடி வருகிற இடத்தைக் காட்டினேன். "மொகம் தெரியலியே" என்றார் தம்பி. உண்மைதான். முதுகுதான் தெரிகிறது. யார் வேண்டுமானாலும் இருக்கலாம். நான் இவ்வளவு தூரம் வந்ததும் வீண்தானோ என்று எனக்குத் தோன்றியது. கோவிந்தன் பிலிமை விரலால் மெல்லத் தள்ளிக்கொண்டே வந்தார். கிணற்று மேட்டில் அந்தப் பெண் நிற்கும் இடத்தில் விரல் நின்றது. சாகப் போகிறவளாக நடிக்க வேண்டிய அந்தப் பெண், குதிப்பதற்கு முன் சட்டென்று குனிந்து, கிணற்றுக் கல்லைத் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொள்கிறாள். சுரைக்குடுக்கையை முதுகில் கட்டிக் கிணற்றில் நீச்சல் பழகிய எங்கள் பக்கத்துப் பெண் பிள்ளைகளுக்குக் கிணற்றைக் கும்பிடாமல் தண்ணீரில் கால் வைக்கத் தெரியாது. டைரக்டர் கவனித்தாரோ, இருக்கட்டும் என்று விட்டாரோ, தெரியாது. துண்டை வெட்டிய நான் அத்தனை வருஷமும் அதைக் கவனித்திருக்கவில்லை.

"அவதான்" என்றார் கோவிந்தன். "எங்க கெணத்துல எறங்கும்போதும் இப்படித்தான் கல்லத் தொட்டு ஒத்திக்குவா. எனக்கு அன்னிக்கே தெரியும், அவ பொய் சொல்லலன்னு."

நான்தான் கேட்டேன். "தெரிஞ்சும் ஏங்க வுட்டீங்க?"

"நீங்க இல்லன்னு சொல்லிட்டீங்களே சார். எங்கம்மாவுக்கு அது போதும்னு ஆயிடுச்சு. நான் இன்னா பண்ண முடியும்?" என்றார். பிலிமைச் சுருட்டி என்னிடம் கொடுத்துவிட்டு, செருப்பை மாட்டிக்கொண்டு கழனிப் பக்கம் போய்விட்டார். அவர் மனைவி சொம்பை என்னிடம் நீட்டினார். குடித்தேன்.

நான் பயந்த மாதிரி தியேட்டருக்கும் என் வேலைக்கும் ஒன்றும் ஆகவில்லை. யாரும் புகார் கொடுக்கவில்லை. ரகுராமன் அந்தத் துண்டுக்காகப் பிறகு மூன்று தரம் கீழ்பென்னாத்தூருக்கு நடையாய் நடந்தார். அது அஞ்சலையுடையது, அவரிடமே கேட்டுக்கொள்ளுங்கள் என்று நான் சொல்லிவிட்டேன். அஞ்சலை கொடுக்கவில்லை. வேண்டுமானால் இங்கேயே உட்கார்ந்து பார்த்துவிட்டுப் போங்கள் என்றாராம். மலேசியாவில் தேடுகிறவர்களுக்கு நான் சொல்லக்கூடியது இவ்வளவுதான்.

கோவிந்தன் வீட்டிலிருந்து அன்றே திரும்பிக் களத்துக்குப் போனேன். சாயங்காலம் ஆகவில்லை, அஞ்சலை இன்னும் ஆய்ந்துகொண்டிருந்தார். இந்த முறை டப்பாவை வாங்கி, மடித்துப் போட்டிருந்த கோணிக்கு அடியில் வைத்தார். நடந்ததைச் சொன்னேன். கோவிந்தன் சொன்னதையும் மறைக்கவில்லை. என்னால் இன்னொரு முறை அவரிடம் மறைக்க முடியாது. கை நிற்காமல் கேட்டுக்கொண்டிருந்தார்.

"யார் யாரு இருந்தாங்க?" என்றார்.

சொன்னேன்.

"அவரு சம்சாரம்?"

"இருந்தாங்கம்மா. பக்கத்துலயேதான் நின்னுக்கினு இருந்தாங்க."

"எனக்கு அன்னிக்கே தெரியும்னு அவரு சொன்னப்பவா?"

"ஆமாம்மா."

அப்போதுதான் கையில் இருந்த செடியைக் கீழே வைத்தார். பிறகு, "ஐயோ பாவம். இனிமே அவ எப்படி அந்த ஆளு பக்கத்துல படுப்பா?" என்றார்.